பிள்ளைகள் ஏன் ராவு மூன்று மணிக்கு அலாரம் வைக்கிறார்கள்?



கொஞ்சம் நீளமான பதிவு. தரம் 9, 10, 11இல் பிள்ளைகள் படிக்கும் உம்மாமாரும் வாப்பாமாரும் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

சில கிழமைகளுக்கு முன் ஓர் உம்மா பாடசாலைக்கு வந்தார். மகன் தரம் 10. வகுப்பில் மேசையில் தலை வைத்துத் தூங்குகிறான் என்று நாங்கள்தான் வரச் சொல்லியிருந்தோம். அவர் சொன்னது இதுதான்:

"சேர், இவன் ராவு மூணு மணிக்கி அலாரம் வெச்சி எழும்புறான். தஹஜ்ஜுத் தொழத்தான் எழும்புறான் எண்டு நானும் சந்தோசப்பட்டன். பாத்தா தொழவுமில்ல, படிக்கவுமில்ல. கொஞ்ச நேரம் உக்காந்து இரிக்கான், பிறகு மல்லாந்து படுத்து என்னமோ எண்ணுறான். முந்தநாள் கத்திக்கிட்டு எழும்பினான் சேர். நெஞ்சில ஏதோ ஏறி இருந்ததாம்."

வீட்டில் சாச்சி கெட்ட காற்று என்று சொல்லிவிட்டார். ஓதிப் பார்க்கிற ஒருவரிடம் கூட்டிப் போக நாளும் குறித்தாகிவிட்டது.

இடைவேளையில் பிள்ளையைத் தனியாக இருத்திக் கதைத்தோம். முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "லூசிட் ட்ரீம் சேர்" என்றான். கனவு காணும்போதே இது கனவு என்று தெரிந்துகொண்டு, அதற்குள் விரும்பியதைச் செய்வதாம். டிக்டொக்கில் பார்த்தானாம். வகுப்பில் இன்னும் ஏழெட்டுப் பேர் முயல்கிறார்களாம், அதற்கொரு வட்ஸ்அப் குரூப்பும் இருக்கிறதாம்.

"என்ன செய்யப் போற கனவுக்குள்ள?" என்று கேட்டோம்.

"பறக்கலாமாம் சேர்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மௌத்தான ஆக்களையும் பாக்கலாமாம்" என்றான்.

அவனுடைய வாப்பா மௌத்தாகி இரண்டு வருடம். அதற்குப் பிறகு எங்களுக்குக் கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

(பிள்ளையின் அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறோம். உம்மாவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம்.)

அன்று ஆசிரியர் அறையில் இதைப் பற்றிக் கதைத்தோம். போனைப் பறிக்க வேண்டும் என்றார் ஒருவர். ஜின் விசயம், கை வைக்கக் கூடாது என்றார் இன்னொருவர். எல்லாம் பொய், பிள்ளைகள் விடும் கதை என்றார் மூன்றாமவர். உண்மை என்னவென்றால், எங்களில் ஒருவருக்கும் இதைப் பற்றித் தெரியாது. பிள்ளைக்குத் தெரிந்த அளவுகூட எங்களுக்குத் தெரியாமல் எப்படிப் புத்தி சொல்வது? அதனால் உட்கார்ந்து வாசித்தோம். வாசித்ததையும் எங்கள் கருத்தையும் இங்கே வைக்கிறோம்.

முதலாவது: இது பொய்யல்ல.

கனவுக்குள் இருக்கும்போதே இது கனவுதான் என்று மனதுக்குத் தோன்றுவதுண்டு என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டிலே எழுதியிருக்கிறார். இன்றுள்ள ஆங்கிலப் பெயரை 1913இல் பிரபலப்படுத்தியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த பிரெட்ரிக் வான் ஈடன் என்ற வைத்தியர். தன் கனவுகளைப் பல வருடம் நோட்டில் எழுதி வந்தவர், அவற்றில் 352 இப்படிப்பட்டவை என்று பதிந்திருக்கிறார்.

ஆனால் "நான் உணர்வோடு கனவு கண்டேன்" என்று ஒருவர் சொன்னால் அதை எப்படி நம்புவது? அதற்கான வழியை 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹேர்ன் என்பவர் கண்டுபிடித்தார். கனவு அதிகம் வரும் நித்திரையில் எங்கள் கைகால் தசைகள் எல்லாம் செயலிழந்து இருக்கும், கண் மட்டும் அசையும். ஆகவே, கனவுக்குள் உணர்வு வந்ததும் கண்ணை இடம் வலமாக இத்தனை தடவை அசைக்க வேண்டும் என்று அலன் வோர்ஸ்லி என்பவரோடு முன்கூட்டியே பேசி வைத்தார். அவர் நித்திரையில் அப்படியே அசைத்தார், கருவியில் பதிவானது. சில வருடத்தில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் லபேர்ஜ் தன் மீதே இதைச் செய்து காட்டினார். 2021இல் நான்கு நாடுகளின் ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், நித்திரையில் இருந்தவரிடம் எட்டிலிருந்து ஆறு போனால் எத்தனை என்று கேட்க, அவர் கனவுக்குள் இருந்தபடியே கண்ணை இரண்டு தடவை அசைத்துப் பதில் சொல்லியிருக்கிறார். எல்லாத் தடவையும் இப்படி நடக்கவில்லை. கேட்ட கேள்விகளில் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவாகவே சரியான பதில் வந்தது. ஆனாலும் வந்தது.

இரண்டாவது: பிள்ளைகள் செய்யும் முறை என்ன?

உணர்வோடு கனவு காண இரண்டு வழி உண்டு. ஒன்று, சாதாரணமாகத் தூங்கி, கனவின் நடுவில் "இது கனவு" என்று பிடிபடுவது. பெரும்பாலானோருக்கு நடப்பது இதுதான். மற்றது, விழிப்பை விடாமல் பிடித்துக்கொண்டு நேராகக் கனவுக்குள் போவது. எங்கள் பிள்ளைகள் முயல்வது இந்த இரண்டாவதை. இதுதான் கஷ்டமானது.

ராவு முழுக்க எங்கள் நித்திரை கிட்டத்தட்ட 90 நிமிடச் சுற்றுகளாகப் போகிறது. முதல் சுற்றுகளில் ஆழ்ந்த நித்திரை அதிகம். விடிய விடிய ஆழ்ந்த நித்திரை குறைந்து கனவு நித்திரை நீளும். ஆகவே ராவு படுத்தவுடன் இதை முயன்று பலனில்லை. ஐந்து மணித்தியாலம் போலத் தூங்கி எழும்ப வேண்டும். அரை மணியிலிருந்து ஒரு மணி வரை விழித்திருந்துவிட்டுத் திரும்பப் படுக்க வேண்டும். அலாரத்தின் இரகசியம் அதுதான்.

திரும்பப் படுத்ததும் உடம்பை முழுதாகத் தளர்த்தி அசையாமல் கிடக்க வேண்டும். மனம் தூங்கிவிடாமல் ஒரு பிடி வேண்டும். மூச்சைக் கவனிக்கலாம், அல்லது "ஒன்று, நான் கனவு காண்கிறேன். இரண்டு, நான் கனவு காண்கிறேன்" என்று எண்ணலாம். உம்மா கண்ட எண்ணிக்கை இதுதான். கொஞ்ச நேரத்தில் மூடிய கண்ணுக்குள் நிறங்களும் கோடுகளும் முகங்களும் வந்து போகும். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது போலக் கேட்கும். உடம்பு அதிர்வது போல, மிதப்பது போல இருக்கும். அவற்றைத் துரத்தாமலும் பயப்படாமலும் பார்த்துக்கொண்டே இருந்தால், அந்தத் துண்டுகள் சேர்ந்து ஓர் இடமாக மாறும். நீங்கள் அதற்குள் நிற்பீர்கள்.

கனவுதானா என்று பார்க்க அங்கே எழுதியிருக்கும் எதையாவது இரண்டு தடவை வாசிப்பார்கள். கனவில் எழுத்து மாறிவிடும். மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சு விட்டுப் பார்ப்பார்கள். கனவென்றால் மூச்சு வரும். கனவு கலையப் பார்த்தால் இரு கைகளையும் தேய்ப்பார்கள்.

வாசிக்கும் உங்களில் பலருக்கு இது முழுக்கப் புதிதாக இருக்காது. நோன்பு காலத்தில் ஸஹர் செய்து, சுபஹ் தொழுதுவிட்டுத் திரும்பப் படுத்தால் வரும் கனவுகளை யோசித்துப் பாருங்கள். மற்ற நாளை விடத் தெளிவாக, நீளமாக, எழும்பிய பிறகும் மறக்காமல் இருக்கும். அரைத் தூக்கத்தில் கனவையும் வீட்டுச் சத்தத்தையும் ஒன்றாகக் கேட்ட அனுபவமும் இருக்கும். நடுவில் எழும்பி, விழித்திருந்து, திரும்பப் படுப்பதன் பலன் அது. டிக்டொக் காரர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

மூன்றாவது: நெஞ்சில் ஏறி இருந்தது என்ன?

கனவு நித்திரையில் தசைகள் செயலிழந்திருக்கும் என்று சொன்னோம். அல்லாஹ் வைத்த பாதுகாப்பு அது. இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவர் கட்டிலிலிருந்து விழுந்து ஓடுவார். சில வேளை உடம்பு அந்த நிலையில் இருக்கும்போதே மனம் விழித்துவிடும். கண் திறந்திருக்கும், கை தூக்க முடியாது, கத்த முடியாது. மூச்சு முட்டுவது போல இருக்கும். அறையில் யாரோ நிற்பதாகத் தோன்றும். எங்கள் மூத்தம்மாமார் "அமுக்கிப்போட்டுது" என்று சொன்னது இதைத்தான். சில விநாடியிலோ சில நிமிடத்திலோ தானாக விலகிவிடும். 2011இல் பழைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்துப் பார்த்ததில், பொதுமக்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவுக்கும், மாணவர்களில் நூற்றுக்கு 28 பேர் அளவுக்கும் வாழ்வில் ஒரு தடவையாவது இது நடந்திருக்கிறது. நித்திரை குறைந்தவர்களுக்கும், ஒழுங்கில்லாத நேரத்தில் தூங்குகிறவர்களுக்கும், மல்லாந்து படுப்பவர்களுக்கும் கூடுதலாக வரும்.

இப்போது அந்தப் பிள்ளையின் நிலையைப் பாருங்கள். ராவு பதினொன்றரைக்குப் படுக்கிறான், மூன்றுக்கு எழும்புகிறான், மல்லாந்து கிடந்து, உடம்பைத் தூங்க வைத்து மனதை விழிக்க வைக்க முயல்கிறான். அமுக்காமல் என்ன செய்யும்? வீட்டுக்குள் எதுவும் நுழையவில்லை. அவனே கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பயந்திருக்கிறான்.

ஜின்னை மறுப்பதற்காக நாங்கள் இதை எழுதவில்லை. மார்க்கத் தீர்ப்புச் சொல்வதும் எங்கள் வேலையல்ல, அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். ஆனால் கனவுகளில் ஒரு வகை மனிதனுடைய மனப் பேச்சுத்தான் என்பதும், வலப்பக்கம் சரிந்து படுப்பது ஸுன்னத் என்பதும், கெட்ட கனவு கண்டால் பாதுகாப்புத் தேடி, மறுபக்கம் திரும்பிப் படுத்து, ஊரெல்லாம் சொல்லித் திரியாமல் விட வேண்டும் என்பதும் எங்கள் எல்லோருக்கும் மத்ரஸாவில் சொல்லித் தந்த பாடம். அதைச் செய்யாமல் பிள்ளையைப் பணம் வாங்கி ஓதுகிறவரிடம் இழுத்துக்கொண்டு போய், "உனக்குள் ஏதோ இருக்கிறது" என்று பதினைந்து வயதில் நம்ப வைப்பது எங்கள் பார்வையில் கனவை விடப் பெரிய ஆபத்து.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விரும்பிய கனவை வரவழைக்கும் ஆசை எங்கள் சமூகத்துக்கும் பழையது. 1377இல் எழுதிய முகத்திமாவில் இப்னு கல்தூன் இதைப் பற்றிப் பேசுகிறார். படுக்கும் முன் சில சொற்களைச் சொல்லி, அறிய விரும்புவதை நினைத்துத் தூங்கினால் அது கனவில் தெரியும் என்று நம்பிய முறை ஒன்று அப்போது இருந்தது. அவரும் செய்து பார்த்து, ஆச்சரியமான கனவுகள் கண்டதாக ஒத்துக்கொள்கிறார். ஆனால் அத்தோடு நிறுத்தவில்லை. அந்தச் சொற்கள் கனவை உண்டாக்குவதில்லை, கனவுக்கு மனதைத் தயார்படுத்த மட்டுமே செய்கின்றன என்று விளக்குகிறார். 600 வருடத்துக்கு மேல் கழித்து, போனில் அதே விசயம் எங்கள் பிள்ளைகளிடம் வரும்போது, "ஹராம், பேசாதே" என்றோ "பைத்தியம்" என்றோ மட்டும் சொல்லி முடிக்கிறோம். அந்தப் பெரியவர் செய்தது போல நிதானமாகப் பார்த்து விளக்க எங்களுக்கு ஏன் பொறுமையில்லை?

சரி, எங்கள் கருத்து என்ன?

பாடசாலைப் பிள்ளைகள் இதைச் செய்யக் கூடாது. காரணம் ஜின் அல்ல, நித்திரை.

பதின்ம வயதுப் பிள்ளைக்கு 24 மணித்தியாலத்தில் 8 முதல் 10 மணித்தியால நித்திரை வேண்டும் என்கிறார்கள் நித்திரை வைத்தியர்கள். எங்கள் வகுப்பில் கை தூக்கச் சொல்லிக் கேட்டோம். எட்டு மணித்தியாலம் தூங்குகிறவர் என்று எழுந்த கைகள் இரண்டு. மற்றவர்கள் ஐந்து, ஆறு. ஐந்து மணித்தியாலம் தூங்குகிறவன் நடுவில் அலாரம் வைத்து எழும்பினால் அவனுக்கு எஞ்சுவது என்ன? படித்தது மனதில் பதிவதும் நித்திரையில்தான், வளரும் உடம்புக்குரிய ஹோர்மோன் அதிகம் சுரப்பதும் ஆழ்ந்த நித்திரையில்தான்.

பலனாவது நிச்சயமா என்றால் அதுவுமில்லை. 2017இல் அவுஸ்திரேலியாவில் வந்த ஓர் ஆய்வில், பகலில் "இது கனவா?" என்று சோதிப்பது, ராவு எழும்பித் திரும்பப் படுப்பது, அடுத்த கனவில் உணர வேண்டும் என்று மனதில் உறுதி எடுப்பது ஆகிய மூன்றையும் சேர்த்துச் செய்தவர்களுக்கே ஒரு கிழமையில் நூற்றுக்கு 17 தடவைதான் கைகூடியது. நாங்களும் பாடசாலை விடுமுறையில் சில நாள் முயன்று பார்த்தோம். பெரும்பாலான நாள் எண்ணிக்கை இருபதைத் தாண்டும் முன் தூங்கிவிட்டோம், அல்லது சுபஹ் வரை தூக்கமே வராமல் கிடந்தோம். ஒரே ஒரு நாள், கடற்கரையில் நிற்பதாகக் கண்டு, "இது கனவல்லவா" என்று நினைத்த சந்தோசத்திலேயே விழித்துவிட்டோம். அவ்வளவுதான். அதற்குக் கொடுத்த விலை, அந்தக் கிழமை முழுக்கத் தலையிடியும் எரிச்சலும்.

இணையத்தில் இதற்கென்று மாத்திரையும் விற்கிறார்கள். அவற்றில் ஒன்று மறதி நோயாளிகளுக்குக் கொடுக்கும் மருந்து. உங்கள் பிள்ளை எதையாவது ஓடர் பண்ணியிருக்கிறதா என்று பாருங்கள்.

இதனால் நன்மையே இல்லை என்றும் சொல்ல மாட்டோம். எங்கள் கரையோர ஊர்களில் 2004 டிசம்பர் 26ஐக் கண்டவர்கள் இருக்கிறோம். இத்தனை வருடம் கழித்தும் கனவில் கடல் எழும்பி வருகிறது என்று சொல்கிறவர்களை எங்களுக்குத் தெரியும். எங்கள் வயதுக்காரர்கள் அன்று பாடசாலைப் பிள்ளைகள். இப்படித் திரும்பத் திரும்ப வரும் பயங்கரக் கனவுக்கு, "இது கனவு" என்று உள்ளே இருந்தே உணரப் பழக்குவதை ஒரு சிகிச்சையாகப் பரிசோதித்திருக்கிறார்கள். 2006இல் நெதர்லாந்தில் 23 பேரிடம் செய்த சிறிய ஆய்வில், பழகியவர்களுக்குக் கெட்ட கனவுகள் குறைந்தன. இதில் கவனிக்க வேண்டியது, கனவுக்குள் உணர்வு வராதவர்களுக்கும் குறைந்ததுதான். அந்தக் கனவின் முடிவை மாற்றலாம் என்று பகலிலேயே யோசித்துப் பார்த்ததே அவர்களுக்கு உதவியிருக்கலாம். பகலில் கனவை எழுதி, முடிவை மாற்றி, அதை மனதில் பல தடவை ஓட்டிப் பார்க்கும் சிகிச்சை தனியாகவும் உண்டு. அதற்கு அலாரம் தேவையில்லை. அப்படிக் கஷ்டப்படுகிறவர்கள் வைத்தியசாலையில் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அது வெட்கப்படும் இடமல்ல.

கடைசியாக, அந்தப் பிள்ளை.

அவனிடம் வாப்பாவைப் பற்றிக் கேட்டோம். இரண்டு வருடத்தில் யாரும் அப்படி உட்கார்ந்து கேட்கவில்லை போல. நிறையச் சொன்னான். வாப்பாவின் குரல் மறந்து போகிறது என்று பயமாக இருக்கிறதாம். அதற்காகத்தான் மூன்று மணிக்கு எழும்பியிருக்கிறான்.

நீ முயன்று வரவழைக்கும் கனவில் வருவது உன் மனம் உன் ஞாபகத்திலிருந்து செய்த உருவம், அதை வாப்பா என்று நம்பி அதன் பேச்சைக் கேட்டு நடக்கக் கூடாது என்று சொன்னோம். ஞாபகம்தான் வேண்டுமென்றால், தெரிந்ததையெல்லாம் ஒரு கொப்பியில் எழுது, உம்மாவிடமும் சாச்சாவிடமும் கேட்டு எழுது என்றோம். உம்மாவின் பழைய போனில் வாப்பா அனுப்பிய வொய்ஸ் மெசேஜ் சில இருந்திருக்கின்றன. பிள்ளை அழுவானே என்று அவர் காட்டாமல் வைத்திருந்தாராம். இப்போது கொடுத்திருக்கிறார். அழுதானாம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். அலாரத்தை நிறுத்திவிட்டதாகச் சொல்கிறான், உம்மாவும் ஆமென்கிறார். ஓதிப் பார்க்கிறவரிடம் போகவில்லை. வகுப்பில் இன்னும் சில நாள் தூங்குகிறான்.

பெற்றோரிடம் நாங்கள் கேட்பது சிறிய விசயங்கள். ராவு பத்து மணிக்குப் பிறகு போன் பிள்ளையின் அறையில் இருக்க வேண்டாம். டியூஷனை ராவு ஒன்பது வரை இழுக்க வேண்டாம். பிள்ளை நடுச்சாமத்தில் எழும்பினால் ஏசுவதற்கு முன் என்ன தேடுகிறது என்று கேளுங்கள். வீட்டில் ஒரு மௌத்து நடந்திருந்தால் பெரியவர்கள் மட்டும் கதைத்து அழுதுவிட்டுப் பிள்ளையை விளையாட அனுப்பாதீர்கள். அதுவும் இழந்திருக்கிறது.

மூன்று மணிக்கு எழும்பும் பிள்ளையைத் தொழ எழுப்பலாம், தப்பில்லை. ஆனால் அதற்கும் முதலில் ராவு நேரத்தோடு படுக்க விட வேண்டும். இஷாவுக்குப் பிறகு வீண் கதையில் விழித்திருக்காமல் தூங்குவது எங்களுக்குச் சொல்லித் தந்த பழக்கம். அதைத் திருப்பி எடுத்தாலே பாதிப் பிரச்சினை முடியும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதும் நடந்திருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், பெயர் வெளியே வராது. அந்தப் பிள்ளையின் வாப்பாவுக்காக எல்லோரும் துஆ செய்யுங்கள்.